முதுகுக்குப் பின்னால் வந்த நெருப்பு

சுவிஸின் சூக் ஏரியில் எங்கள் சரித்திரக் கழகம் இரண்டு படகுகளை வைத்திருக்கிறது. ஒன்று பைசாந்தியக் கப்பலின் பாதி அளவு, மற்றது அரபுக் கப்பலின் பாதி அளவு. கோடை ஞாயிறுகளில் பழைய கடற்போர் போல் சண்டை பிடிப்போம். நான் அரபுப் படை. காரணம் கொள்கை அல்ல. அந்தப் படகில்தான் என் தொந்திக்கு இடம் இருந்தது.

துடுப்புக்காரன் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் இருப்பான். எதிரியைப் பார்ப்பது சுக்கான் பிடிக்கும் தலைவியின் வேலை. ஆகவே முதல் விதி, திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தாளம் தப்பும்.

எனக்குப் பின் இருக்கையில் அண்ணை. உறவில்லை; உணவகச் சமையலறையில் பதினைந்து வருடம் என்னோடு நின்றவர். அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். போக இடமென்று அவருக்கு மிஞ்சியது அந்த இருக்கை மட்டும். அதற்காகக் குளிர்காலம் முழுக்க றப்பர் பட்டி இழுத்துப் பழகியிருந்தார்.

பைசாந்தியர் பித்தளைக் குழாயால் எதிரிக் கப்பல் மேல் நெருப்பைப் பீச்சுவார்களாம். தண்ணீரிலும் அணையாதாம். எங்கள் கழகத்துப் பைசாந்தியர் பீச்சுவது செம்மஞ்சள் சாயம் கலந்த ஏரித் தண்ணீர். இது எனக்குத் தெரியும். சாயத்தைக் கரைத்ததே நான்தான். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் அந்தக் குழாய் சீறியதும் ஐம்பத்திரண்டு வயது மனிதனான நான் "ஐயோ அம்மா" என்று திரும்பிவிட்டேன். என் துடுப்பு நின்றது. அண்ணையின் துடுப்பு அதில் முட்ட, பிடி எகிறி அவர் நெஞ்சில் அடித்தது. இருக்கையிலிருந்து விழுந்தார்.

நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்த தலைவி, விழுந்து கிடந்தவரை மட்டும்தான் கண்டார். கரையில் செர்வெலா சொசேஜ் வாட்டும்போது அண்ணையிடம் மிகப் பண்பாகச் சொன்னார், இந்த வயதுக்குத் துடுப்பு பாரம், இனி உயிர்காப்பு அங்கிகளைப் பார்த்துக்கொள்ளலாமே என்று. அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறந்தேன். அண்ணை தூக்கத்தில் யாழ்ப்பாணம் போய் வந்துவிட்டார் என்று ஜெர்மனில் ஒரு பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டு.

அடுத்த ஞாயிறு அவர்தான் என் அங்கியின் வாரை இழுத்துப் பூட்டினார்.

"திரும்பேக்கை உம்மடை முகத்தை நான் கண்டனான் தம்பி. பேயைக் கண்ட மாதிரி."

"பிறகேன் அண்ணை சொல்லேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

தலைவியிடம் போனேன். பிழையான ஜெர்மனில், திரும்பித் தாளம் கெடுத்தது நான், அண்ணை அல்ல என்று சொன்னேன். தலைவி கோபிக்கவில்லை. அப்படியானால் போன கிழமை ஏன் பகிடி விட்டீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அங்கியைக் கழற்றி அண்ணையிடம் நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டு படகில் ஏறினார்.