சிவப்புக் கொடி

போர்ச்சுகல் கடற்கரையில் பத்து நாள் விடுமுறை. கொடைக்கானலிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு டாக்ஸியில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் பழைய மப்ளர். அடிவாரத்துப் புழுக்கத்திலும் அவர் அதைக் கழற்றவில்லை.

எங்கே போகிறேன் என்று கேட்டவர், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு எனக்கு ஒரு யோசனை சொன்னார்.

"மத்தியானம் கடைய சாத்திருவாங்க, வெள்ளனே சாப்பாடு வாங்கிருங்க."

"வெயில்லயும் தண்ணி ஐஸாத்தான் கெடக்குமாம்."

"செவப்புக் கொடி பறந்தா மட்டும் கடல்ல எறங்காதீங்க."

கொடியை மட்டும் மூன்று முறை சொன்னார்.

"நீங்க எப்ப போயிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கங்க போனேன்? மகன் அங்க ஓட்டல் வேலைக்குப் போனான். ஒரு வாரந்தான் இருந்தான். தெனமும் போன்ல கடையப் பத்தி, தண்ணியப் பத்தியெல்லாம் சொல்லுவான்."

"அப்புறம்?"

"நம்மூர்ல எங்க பாத்தாலும் கட்சிக் கொடிதானங்க. யாரு கவனிக்கிறா? அங்கயும் அப்பிடித்தான்னு எறங்கிட்டான்."

குரல் மாறவில்லை. அடுத்த வளைவு வந்தது. ஹாரன் அடித்தார்.

அங்கே பத்து நாளும் பச்சைக் கொடிதான் பறந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.