மதினியின் ஏசியும் என் கண்ணும்

“புத்தகத்துல ஓடுற கரண்டு வேற, நம்ம வீட்டுல ஓடுற கரண்டு வேற, ஆத்தா” என்று அண்ணன் என்னிடம் சொன்னான்.

நான் வாங்கி வந்த ஏசி, பெட்டி பிரிக்காமல் நடுவீட்டில் கிடந்தது. அம்மாவும் அப்பாவும் படுக்கும் அறையில் அதை மாட்ட வேண்டும் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். “ஏற்கெனவே ஒண்ணு ஓடுது. அது கெளம்புறப்பவே லைட்டெல்லாம் மங்குது. ரெண்டு ஓடுனா மீட்டர் பெட்டியே பொசுங்கிரும்” என்றான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மின்னியல் படித்துப் பட்டம் வாங்கி, தேனியில் சோலார் பேனல் மாட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கோம்பையிலிருந்து தினமும் பஸ். அண்ணன் எட்டாவதோடு நின்று அப்பாவுடன் வாழைத்தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். அவன் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. சொல்லிவிட்டு மதினியைப் பார்த்துச் சிரித்தான், மதினியும் திரும்பிச் சிரித்தாள். அதுதான் தைத்தது.

ஏற்கெனவே ஓடுகிற ஏசி மதினியுடையது. அவள் தேவாரத்துக்காரி. வயதில் என்னைவிட இளையவள், முறையில் மூத்தவள். அதனால் ‘வாங்க, போங்க’ என்றுதான் நான் பேச வேண்டும், அவள் என்னை ‘ஏத்தா’ என்பாள். கல்யாணத்துக்கு மறுநாள் அவளுடைய சீர் ஒரு மினிலாரியில் வந்தது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஏசி. அறைக்குள் மாட்டுகிற பாகத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பன், வெளிச்சுவரில் மாட்டுகிற பாகத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பன். கொட்டு மேளத்தோடு தெருவைச் சுற்றி வந்து இறக்கினார்கள். “ஏசி குடுத்துருக்காகப்பா!” என்று தெருவே வாய்பிளந்தது.

மாட்டுவதற்குத் தேர்ந்தெடுத்தது நான் படித்த அறை. சுவரில் நான் பட்டம் வாங்குகிற படம் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். அந்த ஆணிக்குச் சரியாகத்தான் ஏசி வர வேண்டும் என்று மாட்டியவர் சொன்னார். படத்தைக் கழற்றி மதினியின் ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்தார்கள். இன்றைக்கும் யாராவது ஃபிரிட்ஜ் கதவை வேகமாகச் சாத்தினால் நான் குப்புற விழுகிறேன்.

குளிர்காற்றுக்கு நான் ஏங்கவில்லை. என் ஆபீசிலேயே ஏசி உண்டு. என்னால் தாங்க முடியாதது அந்த மங்கல்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருப்பேன். டிவியில் சீரியல்காரி அழுதுகொண்டிருப்பாள். திடீரென்று விளக்குகள் எல்லாம் ஒரு நொடி சுருங்கும், மின்விசிறி மூச்சை இழுத்துப் பிடிக்கும், சீரியல்காரியின் முகம் ஒரு துடிப்புத் துடிக்கும். “ஏசி போட்டுட்டாக” என்பாள் அம்மா, கோயில் மணி கேட்டதுபோலப் பெருமையாக. அந்த வீட்டில் நான் படித்து வாங்கிய எந்த மார்க்குக்கும் விளக்குகள் தலை குனிந்ததில்லை.

ஒருநாள் ஆபீசிலிருந்து கிளாம்ப் மீட்டர் கொண்டுவந்து ஒயரைக் கவ்வவிட்டுப் பார்த்தேன். ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர். கிளம்புகிற அந்த நொடியில் மட்டும் நாற்பதைத் தாண்டியது. நின்றுபோன கம்ப்ரசரை உருட்டி எழுப்ப அவ்வளவு வேண்டியிருக்கிறது. போதாததற்கு, தோப்புகளுக்கு மும்முனை மின்சாரம் விட்டதும் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஒன்றாகக் கிளம்பும். எங்கள் தெருவுக்கும் அந்த மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். அந்த நேரத்தில் ஏசியும் கிளம்பினால் விளக்கு மங்காமல் என்ன செய்யும்? இதைச் சரிசெய்துவிட்டால் இரண்டு ஏசி தாராளமாக ஓடும். அண்ணனுக்கு இதைச் சொன்னபோதுதான் அவன் புத்தகக் கரண்டு, வீட்டுக் கரண்டு என்று பிரித்தான்.

என் பெட்டி சுவரோரம் ஒதுங்கியது. முதலில் அம்மா மடித்த சேலைகளை அதன்மேல் வைத்தாள். பிறகு மதினி முறத்தில் வத்தலைப் பரப்பி வைத்தாள்.

“ஏத்தா, இன்ஜினியரம்மா! ஒன் பெட்டி நல்ல ஒசரம். கோழி ஏற மாட்டேங்குது.”

“கூலிங் கூட வரும் மதினி, பிரிச்சுப் பாத்தா.”

“அதுக்குத்தான் எந்து இருக்குல்ல” என்றாள். எந்து என்றால் என்னுடையது.

சித்திரையில் கோடை மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேற்கு மலைமேல் கறுத்து, எதிர்பாராமல் பக்கத்திலேயே இடி விழுந்தது. சுவிட்சுப் பெட்டியில் பட்டென்று ஒரு சத்தம். கரண்டு போய் வந்தபோது எல்லாம் எரிந்தன, மதினியின் ஏசி மட்டும் எழுந்திருக்கவில்லை. உத்தமபாளையத்திலிருந்து வந்த மெக்கானிக், உள்ளே இருக்கும் போர்டு கருகிவிட்டதாகச் சொல்லி, புதுசு போட வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போனார். மதினி அழுதாள். என் மனசுக்குள் ஓர் ஓரத்தில் மழை பெய்ததுபோல இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

மறுநாள் தேவாரத்திலிருந்து மதினியின் அம்மா வந்தார். கறுப்புக் கயிற்றில் கட்டிய ஒரு பெரிய படிகாரக் கல்லை வெளிச்சுவரில் இருந்த ஏசியின் கம்பியில் தொங்கவிட்டார்.

“வெல ஒசந்த சாமான். பாக்குற கண்ணெல்லாம் ஒண்ணுபோல இருக்குமா?” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். பார்த்தே சொல்லியிருக்கலாம்.

“யாரு கண்ணுன்னு சொல்லிட்டே கட்டுங்க அத்தை” என்றேன்.

“நான் யாரச் சொன்னேன் தாயி? பொதுவாச் சொன்னேன்.”

அன்று சாயங்காலம் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். முதலில் ஏசிக்கு, அடுத்து மதினிக்கு, கடைசியில் என்னை உட்கார வைத்து எனக்கு. என்னை முதலில் சுற்றியிருந்தால் என்மேல் கண் பட்டது என்று ஆகியிருக்கும். கடைசியில் சுற்றினால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியாதா?

“என் கண்ணுல அவ்வளவு வோல்டேஜ் கெடையாதும்மா” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் பொறாமைப்பட்டது உண்மை. பொறாமையால் ஏசி கருகியது என்பது பொய். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எர்த் கம்பி ஒழுங்காகக் கிளம்பி, சுவருக்குள் புகுந்து, வீட்டுப் பின்பக்கம் வெளியே வந்து, ஒரு சாண் நீளத்தில் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு கட்டியபோது மண்ணில் இறக்காமலே விட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்குப் பெட்டிக்குள் ஒரு கருவிகூட இல்லை.

அண்ணனையும் மதினியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஸ்டெபிலைசர் இருக்குல்ல?” என்றான் அண்ணன்.

“அது மெதுவா ஏறி எறங்குற கரண்டத்தான் சரி பண்ணும். இடியில வர்றது அது முழிக்கிறதுக்குள்ள உள்ள போயிரும். அத மண்ணுக்குத் திருப்பிவிடத் தனியா ஒண்ணு வேணும். ஏசி கெளம்புறப்ப கரண்ட ஒரேயடியா இழுக்காம இருக்கவும் ஒண்ணு வேணும். நானே மாட்டுறேன்.”

“மறுபடியும் எரிஞ்சா?”

“இந்தக் கோடை முடியறதுக்குள்ள மதினி ஏசி மறுபடி எரிஞ்சா, என் ஏசியப் பெட்டி பிரிக்காம அப்படியே அவுகளுக்குக் குடுத்துர்றேன். எரியலன்னா எந்து அம்மா ரூம்புல ஏறணும்.”

மதினி முறத்தை என் பெட்டிமேலிருந்து எடுத்துவிட்டுப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். “பேச்சு மாறக்கூடாது ஏத்தா” என்றாள்.

இப்படியாக, எந்த ஏசியைக் கண்டால் எனக்கு எரியுமோ அந்த ஏசி எரியாமல் காக்கும் வேலை என் தலைமேல் வந்தது.

பின்பக்கம் குழி தோண்டி, எர்த் பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினேன். சுவிட்சுப் பெட்டிக்குள், இடியில் வருவதை மண்ணுக்குத் திருப்பிவிடும் சர்ஜ் கருவி ஒன்று வைத்தேன். அதில் நகம் அளவுக்கு ஒரு சன்னல் உண்டு, நன்றாக இருக்கும்வரை பச்சையாகத் தெரியும். பழுது பார்த்த ஏசியை மெக்கானிக் மாட்டிய பிறகு, கம்ப்ரசரோடு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டரை இணைத்தேன். அப்பா தோளில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வைக்கிற மாதிரியா?”

“ஆமாப்பா. லோயர்கேம்ப் ஏத்தத்துல ஜீப்பு மொத கியர்ல கெளம்புமே, அப்படிக் கெளப்பிவிடும்.”

“மோட்டாருக்கு வைக்கணும்னு தெரியுது. இதுக்கு வைக்கணும்னு ஒருத்தனும் சொல்லலயே” என்று நகர்ந்தார். ‘என் மக சொன்னா’ என்று சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

எர்த் குழி காயக்கூடாது, கோடையில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நான் பஸ் பிடிக்கிற அவசரத்தில் மறந்துபோன நாள்களிலும் குழி ஈரமாகவே இருந்தது. மதினி ஊற்றிக்கொண்டிருந்தாள். “குழி ஒந்து, தண்ணி எந்து” என்று ஒருநாள் சொன்னாள். அதிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டாளே என்று இருந்தது.

ஸ்டார்ட்டர் வைத்த அன்று சாயங்காலம் விளக்குகள் மங்கவில்லை. சீரியல்காரி தடங்கலில்லாமல் அழுதாள். அம்மாதான் நிலைகொள்ளாமல் எழுந்து மதினியின் அறைக் கதவில் கை வைத்துப் பார்த்தாள். “ஏசி போட்டாகளா இல்லையான்னே தெரியலையே” என்றாள் குறையாக. நான் ஜெயித்திருந்தேன். ஆனால் ஒன்றுமே நடக்காமல் இருப்பதுதான் என் வெற்றி. அதைப் பார்த்து யார் வாய்பிளப்பார்கள்? கொட்டு மேளம் கேட்கிற மாதிரி ஏதாவது படித்திருக்கலாம்.

வைகாசிக் கடைசியில் அடுத்த இடி விழுந்தது. முந்தியதைவிடப் பெரிது. எதிர் வீட்டில் டிவி போனது, பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் போனது. எங்கள் வீட்டில் கரண்டு திரும்பியதும் மதினியின் ஏசி கொஞ்ச நேரம் பொறுத்துச் சத்தமில்லாமல் கிளம்பியது. நான் ஆபீஸ் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழையும்போது, மதினி வாசலில் நாலைந்து பேரை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுல ஒண்ணும் போகலையாக்கும்?”

“எங்கம்மா படிகாரம் கட்டுச்சுல்லக்கா. அதான்.”

ஒரு படிகாரக் கல்மேல் பொறாமைப்பட்டவள் கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பையை இறக்காமலே மதினியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். சுவிட்சுப் பெட்டியைத் திறந்தேன். சர்ஜ் கருவியின் சன்னல் சிவப்பாக மாறியிருந்தது.

“காலையில பச்சையா இருந்துச்சு மதினி. இப்பப் பாருங்க. இடியை இது வாங்கிக்கிருச்சு.”

மதினி குனிந்து பார்த்தாள். “செத்துப்போச்சா?”

“ஆமா.”

“ஏசிக்குப் பதிலா இது அடி வாங்குச்சாக்கும்?”

“ஆமா மதினி!”

அவள் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் வெளிச்சுவரைக் காட்டினாள். கறுப்புக் கயிற்றில் படிகாரம் பாதியாகத் தேய்ந்திருந்தது. “இதுவும் அப்படித்தான ஏத்தா. வாங்கி வாங்கிக் கரையுது.”

“அது மழையில கரைஞ்சது.”

“சரி, இருக்கட்டும்” என்றாள். பிறகு நேரே அறைக்குள் போய் ஏசியை நிறுத்தினாள். “ஒன் பச்சை சன்னல் புதுசா வர்ற வரைக்கும் நான் போட மாட்டேன்.”

எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான். தெருவில் அவள் அதைச் சொல்லவில்லை. கோடை முடிந்தது. அண்ணன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்தபடி, “சரி, மாட்டிக்க” என்றான்.

பெட்டியைப் பிரித்தபோது மதினியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காகிதத்தில் இருந்த படங்களைத் தடவிப் பார்த்தாள்.

“இது இன்வெர்ட்டர் ஏசியாமே? அவுக சொன்னாக. இதுக்கு ஸ்டார்ட்டரே வேணாமா?”

“வேணாம் மதினி. அதுவே மெதுவாத்தான் கெளம்பும்.”

“கரண்டும் கம்மியாத்தான் இழுக்குமாமே?”

“ஆமா.”

அவள் வெள்ளை வெளேரென்று இருந்த என் ஏசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். சிவப்பு ரிப்பன் கட்டிய லாரியை நான் அப்படித்தான் பார்த்தேன்.

கூடுதல் லோடு கேட்டு அப்பா பெயரில் மின்வாரியத்தில் விண்ணப்பித்துவிட்டேன். அம்மா அறைச் சுவரில் துளை போட்டு, வெளிப்பக்கம் ஏசியைத் தாங்கும் கம்பியும் அடித்தாயிற்று. பெட்டிக்குள் புதிய சர்ஜ் கருவி பச்சையாக இருக்கிறது. நேற்று சின்னமனூர்க் கடைவீதியில் இறங்கி ஒரு படிகாரக் கல் வாங்கி, கறுப்புக் கயிற்றில் கட்டி, இன்னும் ஏசி ஏறாத வெளிக்கம்பியில் மாட்டிவிட்டேன். மதினியுடையதைவிடப் பெரியது.