பதினாலு எஞ்சினும் ஒரு நாக்கும்

இன்றைக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் கண்ணில் பட்டவர் கௌஸ் முகைதீன். ஓடிக்கொண்டிருந்த சின்னப் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, அதன் ஓரத்துளை பீய்ச்சிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தினார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்ற அர்த்தத்தில்.

கீழக்கரைக்காரர். இருபத்திரண்டு வருடமாக இதே ஷெட். குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கு முன்னால் படகு எஞ்சினை மூடிவைப்பார்களாம். இங்கே வெயிலுக்குப் பயந்து மூடிவைக்கிறார்கள். ஜூன் பிறந்தால் படகுக்காரர்கள் ஊருக்குப் பறந்துவிடுவார்கள். அதற்குள் குழாய்த் தண்ணீரை எஞ்சினுக்குள் ஓடவிட்டுக் கடல் உப்பைக் கழுவ வேண்டும். பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து, பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய், பேட்டரி தனியே, மேலே தார்ப்பாய். உப்பு மிச்சமிருந்தால் அக்டோபருக்குள் கட்டிதட்டி, தண்ணீர் போகும் வழியை அடைத்து, எஞ்சினை உள்ளிருந்தே தின்றுவிடும்.

மற்ற ஷெட்களில் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்துவார்கள். இவருக்குக் கடிகாரத்தில் நம்பிக்கை இல்லை. "மத்ததெல்லாம் கை வேலை. இது நாக்கு வேலை" என்பார். வேலை முடிந்ததும் தார்ப்பாயைச் சுற்றிக் கைலி முடிச்சு மாதிரி ஒன்று போட்டு, எஞ்சினின் தலையில் ரெண்டு தட்டு. "தூங்கு. அக்டோபர்ல எழுப்புறேன்."

பிரஷருக்காக உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அன்றிலிருந்து ரோலா பகுதி வீட்டில் மனைவி உம்மு சல்மாவோடு சண்டை. "வீட்டுலதான் உப்பு மாஃபி, ஒண்ணுமில்ல, கடல்ல இருக்குறதையாவது நக்கிக்கிறேன்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். பத்து நாளைக்கு முன் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து சண்டை முற்றிவிட்டது. ஆணத்தில், அதாவது குழம்பில், ஒரு கல் உப்புகூட இல்லை என்கிறார் இவர். போட்டேன் என்கிறார் அந்த அம்மாள்.

இன்று வந்திருந்த எஞ்சின், வெள்ளிக்கிழமைதோறும் மீன் பிடிக்கப் போகும் பர் துபாய் என்ஜினீயர் சேதுமாதவனுடையது.

"என்ன பாய், ரெண்டே நிமிஷத்துல கலாஸா? போன வருஷம் கால் மணி நேரம் ஓட்டுனீங்க."

"இந்த வருசம் எல்லா எஞ்சினும் சமத்தா இருக்கு சார். பத்து நாள்ல பதினாலு முடிச்சிட்டேன்."

சேதுமாதவன் விளையாட்டாக விரலை நீட்டி, சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்தார். வைத்த விரல் வாயிலேயே நின்றது.

"பாய், உப்பு கரிக்குது."

"வேர்வை பட்டிருக்கும் சார்."

இன்னொரு கை ஏந்திக் குடித்தே பார்த்தார் கௌஸ் முகைதீன். வெறும் தண்ணீர். எதிர் ஷெட்டில் ரேடியேட்டர் வேலை பார்க்கும் அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் ஊர்க்காரர் நிஜாமைக் கூப்பிட்டார். நிஜாம் நக்கிய வேகத்தில் துப்பினார்.

"இதுல கருவாடு போடலாம் காக்கா."

கௌஸ் முகைதீன் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த ஓட்டல் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, முழுவதையும் நாக்கில் கொட்டினார். மென்றார். அவர் முகம் வெளிறியதை மற்ற இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"மணலு மாதிரி இருக்கு."

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் உம்மு சல்மாவின் குரல் வந்தது.

"சல்மா, ஆணத்துல நெசமாவே உப்பு போட்டியா?"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? பிள்ளைங்க உப்பு கூடிப்போச்சுங்குதுவ. காச்சலுக்கு அப்புறம் நீங்க மட்டுந்தான்…"

அந்த அம்மாளுக்கே அப்போதுதான் பொறி தட்டியது. "நாளைக்கே டாக்டர்ட்ட போறோம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

கௌஸ் முகைதீனின் கண் சுவரோரம் போனது. பதினாலு தார்ப்பாய், பதினாலு கைலி முடிச்சு. அத்தனை படகுக்காரர்களும் அவருடைய ஒரு 'கலாஸ்' கேட்டுவிட்டு விமானம் ஏறிப் போனவர்கள்.

"வுடுங்க காக்கா," என்றார் நிஜாம். "அக்டோபர்ல திறக்கும்போது பாத்துக்கலாம். எஞ்சின் பழசுன்னுட்டா யாரு கேக்கப்போறா?"

"அவங்க கடிகாரம் பாக்குற ஷெட்டுக்குப் போகல நிஜாம். எங்கிட்ட வந்தாங்க."

எழுந்து போய் முதல் முடிச்சை அவிழ்த்தார். சேதுமாதவன் தன் எஞ்சின் கடைசியில் ஆகட்டும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயைப் பிடித்தார். அடித்து வைத்த எண்ணெய் எல்லாம் வீண். மறுபடி பிளக், மறுபடி பேட்டரி, மறுபடி தண்ணீர். உப்பு போகப் பதினெட்டு நிமிடம் ஆனது. சொன்னது நிஜாமின் நாக்கு. அடுத்ததற்குச் சேதுமாதவன். மூன்றாவதற்கு, டயர் கேட்டு உள்ளே வந்த யாரோ ஒரு பட்டாணியர். "மீட்டா ஹை, பாய்", நல்ல தண்ணீர்தான் என்று இந்தியில் சொல்லிவிட்டுக் குழம்பியபடி போனார் அவர். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொன்ன பிறகுதான் கௌஸ் முகைதீன் எஞ்சினின் தலையில் தட்டினார். "தூங்கு" என்று மட்டும் இன்று ஒன்றிடமும் சொல்லவில்லை.

ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள். முடிந்தால் நேரிலேயே போங்கள், இன்னும் பதினொரு முடிச்சு பாக்கி. அவரைத் தேட வேண்டியதில்லை. வாசலில் நிழல் விழுந்ததுமே, யார் என்ன என்று கேட்காமல், தண்ணீர் ஏந்திய உள்ளங்கையை உங்கள் பக்கம் நீட்டுவார்.