எக்ஸ்சேஞ்ச் எனிட்

எனிட் ரெய்னுக்கு ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது கால் சூம்பிப்போயிற்று. அதன்பிறகு ஆயுள் முழுக்க அந்தக் காலில் இரும்புப் பட்டையும் தோல்வாரும் மாட்டிக்கொண்டுதான் நடந்தாள். இறக்கத்தில் மெதுவாக, ஏற்றத்தில் இன்னும் மெதுவாக. ஹார்த்வெய்ட்டில் ஏற்ற இறக்கம் இல்லாத தெருவே கிடையாது. அவளுடைய வீடோ ஊரின் உச்சியில், கடைசி வரிசையில், கடைசி வீடு.

சிமென்ட் ஆலையின் டெலிபோன் பலகையில், வரும் அழைப்புகளை உரிய ஆளுக்கு இணைத்துக் கொடுத்தபடி, இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். யார் கூப்பிட்டாலும் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். எழுபத்தெட்டில் ஆலைக்குத் தானாக இயங்கும் எந்திரம் வந்தது. மேலாளர் கைகுலுக்கி, ஒரு மேஜைக் கடிகாரம் கொடுத்து அனுப்பினார். அடுத்த இரண்டு வருஷம் அவள் பேசியதெல்லாம் பால்காரனோடும் அடுத்த வீட்டு லோவ்ஸ் அம்மாளோடும்தான். அந்த அம்மாளுக்குப் பாதி காது கேட்காது.

எண்பதாம் வருஷ வசந்தத்தில் அவளுடைய தம்பி வில்ஃப், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன், கோணிப்பையில் சுற்றி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அடுப்படி மேஜையில் வைத்தான். துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் வாங்கிய அமெரிக்க சிபி ரேடியோ, லாரிக்காரர்கள் ஓட்டிக்கொண்டே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. அந்தக் காலத்தில் அதை வைத்திருப்பதே இங்கிலாந்தில் குற்றம்.

"இதை வெச்சிருக்கறது தெரிஞ்சா பிடிச்சுட்டுப் போயிருவாங்க, எனிட்."

"இந்தக் காலோட நான் எங்க நடந்து வர? தூக்கிட்டுத்தான் போகணும்னு சொல்லு."

துணி காயப்போடும் கம்பத்தோடு ஏரியலைச் சேர்த்துக் கட்டினார்கள். வீடு உச்சியில் இருந்ததால் பள்ளத்தாக்கு முழுவதும் அவளுக்குக் கேட்டது. ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவே மலை நின்று மறைத்தாலும் இரண்டும் எனிட்டுக்குக் கேட்கும். இவனுடைய சேதியை அவனுக்கும் அவனுடைய பதிலை இவனுக்கும் சொன்னாள். ஒரு மாதத்தில் எல்லோரும் அவளை 'எக்ஸ்சேஞ்ச்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவகீத நிகழ்ச்சியின் நடுவே ரேடியோ அலை குறுக்கிட்டு, லோவ்ஸ் அம்மாளின் டெலிவிஷனிலிருந்து வில்ஃபின் கெட்ட வார்த்தை ஒன்று கணீரென்று வந்ததாகவும் கேள்வி. அவளுக்குக் காது கேட்காதது ரேடியோக்காரர்களுக்கு நல்லதாயிற்று.

ஜூன் மாதம் சங்கம் என்று ஒன்று உருவானது. பதினான்கு பேர். 'கறுப்புக் கடா' மதுக்கடையின் பின்னறையில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூடுவார்கள். கடைக்காரரின் புத்தகத்தில் 'லீக்ஸ் வளர்ப்போர் சங்கம்' என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் லீக்ஸ் என்னும் வெங்காயச் செடியை வளர்ப்பது விளையாட்டு இல்லை, அடிதடி வரைக்கும் போகிற விஷயம். ஒரு செவ்வாயன்று அசல் லீக்ஸ்காரர் ஒருவர் உள்ளே வந்து, இலையில் துரு நோய் விழுகிறதே என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டார். தலைவர் டெஸ்மண்ட் கார்பட் அரை மணி நேரம் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினார்.

கார்பட் பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியார். பிடிபட்டால் வேலை போய்விடும். அதனால் விதிகளை அவரே எழுதினார். முதல் விதி, ரேடியோவில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. இரண்டாவது, என்ன நடந்தாலும் வெளியாளிடம் ரேடியோ என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. பதினான்கு பேரும் கை தூக்கினார்கள். எனிட்டும் தூக்கினாள்.

சங்கத்தில் காலின் டீஸ்டேல் என்று ஒருவன் இருந்தான். இருபத்தேழு வயது. மாட்டுத்தீவன லாரி ஓட்டினான். முரட்டுத் தலைமுடி. ரேடியோவில் அவன் பெயர் முள்ளெலி. தினமும் மத்தியானம் மேட்டுநிலத்துச் சாலையில் ஏறும்போது எனிட்டைக் கூப்பிடுவான்.

"எக்ஸ்சேஞ்ச், ஒரு லைன் கிடைக்குமா?"

"எல்லா லைனும் பிஸி. மூணு நாள் கழிச்சு வா."

"அதுக்குள்ள எனக்கு வயசாயிருமே, அம்மணி."

இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. ஆனாலும் அந்தக் குரல் வராத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

எண்பத்தொன்று ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே பனி கொட்டியது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காலின் கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது.

"எக்ஸ்சேஞ்ச். கவுந்துட்டேன்."

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். "எங்க, மதுக்கடையிலயா?"

"இல்ல எனிட். லாரியோட. பழைய ஈயச் சுரங்கம் தாண்டி, ஓடைப் பள்ளத்துல கிடக்கேன். கால் மாட்டிக்கிச்சு. ரத்தம் நிறைய போகுது."

அவன் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவள் உடனே மற்றவர்களை அழைத்தாள். இரண்டு பேர் பதில் கொடுத்தார்கள். வில்ஃப் இருபது மைல் தள்ளி இருந்தான். கார்பட் மதிய உணவு நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் தன் காரில் உட்கார்ந்திருந்தார்.

"நான் திரும்பிட்டேன். நாப்பது நிமிஷத்துல போயிருவேன்" என்றான் வில்ஃப்.

"நான் போய் போன் பண்ணிடறேன்" என்றாள் எனிட்.

கார்பட் குறுக்கிட்டார். "பொறுங்க. யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்க. லாரியில செட் இருக்கு. ஒருத்தனைப் பிடிச்சா பதினாலு பேரும் மாட்டுவோம். நம்ம ஆள்தான் போறான்ல? நாப்பது நிமிஷம்தானே."

"ரத்தம் போகுதுங்கறான், டெஸ்மண்ட்."

"பெல்ட்டைக் கழட்டித் தொடையில இறுக்கச் சொல்லுங்க."

சொன்னாள். காலினால் பெல்ட்டுக்குக் கை எட்டவில்லை. எட்டவில்லை என்று தெரிந்த பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். மேலாளர் சொன்னதை மாற்றாமல் செய்து இருபத்தாறு வருஷம் பழகிய உடம்பு. இப்படியே இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. அதற்குள் காலினின் பேச்சு குழற ஆரம்பித்தது. பனியில் ஒரு வளைவுக்கு அப்பால் சாலையே இல்லை, சுற்றித்தான் வரவேண்டும் என்று வில்ஃப் சொன்னான்.

எனிட் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் வீட்டில் டெலிபோன் கிடையாது. லோவ்ஸ் அம்மாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். டெலிபோன் கூண்டு முந்நூறு கஜம் கீழே. பனியில் இரண்டு முறை விழுந்தாள். போய்ச் சேர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

"மேட்டுநிலத்துச் சாலையில ஒரு லாரி கவுந்து கிடக்கு. ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"எந்த இடத்தில், அம்மா? நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டது மறுமுனைக் குரல்.

ஈயச் சுரங்கம், ஓடைப் பள்ளம் என்று வாய் வரைக்கும் வந்தது. தன்னோடு சேர்ந்து தூக்கிய மற்ற பதின்மூன்று பேரின் கைகளும் நினைவுக்கு வந்தன. தம்பி நினைவுக்கு வந்தான்.

"வழிப்போக்கர் ஒருத்தர் சொன்னார். இடம் சரியாத் தெரியல."

"உங்கள் பெயர்?"

எனிட் ரிசீவரை வைத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் அந்தச் சாலையில் மேலே போய்த் திரும்பி வந்தது. லாரி கிடந்த ஓடை சாலையிலிருந்து தெரியாது. டயர்த் தடத்தையும் பனி மூடிவிட்டது. யாரோ பொய்யாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவள் வீடு திரும்பி மைக்கை எடுத்தபோது மணி மூன்றேகால்.

"எங்க போன?" என்றான் காலின்.

"ஆம்புலன்ஸ் வருது, கண்ணு."

"சொல்லிட்டியா? செட்டைப் பிடுங்கிருவாங்களே."

"பிடுங்கட்டும்."

பிறகு அவன் குளிரைப் பற்றிச் சொன்னான். "அம்மா அடுப்புல கறி வெச்சுட்டுக் காத்துட்டிருக்கும். காத்திருக்க வேணாம்னு சொல்லிடு" என்றான். மூன்றரைக்குப் பிறகு அவனிடமிருந்து குரல் இல்லை. எனிட் நான்கு மணி வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாள், சிமென்ட் ஆலையைப் பற்றி, மழையைப் பற்றி, எதையெதையோ.

நான்கு மணிக்கு வில்ஃப் ஓடையில் இறங்கினான். காலின் சில்லிட்டிருந்தான். வில்ஃப் முதலில் செய்தது, லாரியிலிருந்து ரேடியோவைக் கழற்றியது. ஏரியலை ஒடித்து எடுத்தான். அதன் பிறகுதான் பண்ணை வீடு ஒன்றுக்கு நடந்துபோய் போலீசுக்குச் சொன்னான், தற்செயலாக அந்த வழியில் வந்ததாக. தலையில் பலத்த அடி, அப்போதே உயிர் போயிருக்கும் என்று போலீஸ்காரர் காலினின் தாய் மேவிஸிடம் சொன்னார்.

அடுத்த செவ்வாயன்று பின்னறையில் எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். உட்கார்ந்ததும் கார்பட், "நடந்தது நடந்துபோச்சு. இனி அவனுக்கு யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. வாயைத் திறக்காம இருந்தா மத்தவங்களாவது பிழைப்போம்" என்றார்.

"இருபத்தஞ்சு நிமிஷம் உங்க பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றாள் எனிட்.

"நீங்களும் கை தூக்கினீங்க, எனிட்."

அது உண்மைதான்.

ஆறு வாரம் கழித்து மரண விசாரணை. வில்ஃப் சாட்சி சொல்லி முடித்தான். அதிகாரி கோப்பை மூடப் போகும்போது பின்வரிசையில் எனிட் எழுந்தாள். இரும்புப் பட்டை பெஞ்சில் இடித்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐயா, அவன் அப்பவே சாகல. ஒண்ணே முக்கால் மணி நேரம் உயிரோட இருந்தான். நான் அவனோட பேசிட்டிருந்தேன்."

"எப்படிப் பேசினீர்கள்?"

"சட்டவிரோதமான ரேடியோவில."

"வேறு யாரெல்லாம் கேட்டார்கள்?"

"என் பேரை மட்டும்தான் சொல்ல வந்தேன்."

காலில் கட்டுப் போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்றும் சாட்சிக்கு வந்திருந்த டாக்டரிடம் அவளே கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று மணிக்குள் யாராவது அங்கே போயிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்றார்.

வெளி நடையில் மேவிஸ் நின்றிருந்தாள். குட்டையான பெண், மகனுடைய அதே முரட்டு முடி.

"ஆறு வாரமா, ஒண்ணும் தெரியாமப் போயிட்டான்னு நினைச்சுத்தான் தூங்கினேன்" என்றாள். "இனிமே எப்படித் தூங்கச் சொல்ற?"

மேவிஸ் ஓர் அடி கிட்டே வந்தாள்.

"என்ன சொன்னான்?"

சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மேவிஸ் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு அந்தக் கறி கருகிப்போச்சு. போலீஸ் வந்து நின்னப்ப இறக்க மறந்துட்டேன்" என்றாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

எனிட்டுக்கு அபராதம் விதித்து ரேடியோவை எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் பெயரை அவள் சொல்லாவிட்டாலும் வில்ஃப் தப்பவில்லை; லாரியில் ஏரியல் ஒடிந்த அடையாளம் காட்டிக்கொடுத்துவிட்டது. பொய்ச்சாட்சி சொன்னதற்காக வழக்கு வந்தது, லாரி வேலை போயிற்று. ஒரு நாள் அவள் வீட்டு வாசலில், உள்ளே வராமலே நின்று சொன்னான்: "செத்தவனுக்காகச் சொன்ன. சரி. உயிரோட இருக்கறவனை யோசிச்சியா?"

"யோசிச்சேன், வில்ஃப். அன்னிக்கு போன்ல உன்னைத்தான் யோசிச்சேன்."

அவன் போய்விட்டான். கார்பட் அந்தக் கோடையிலேயே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். பின்னறை காலியாயிற்று.

அதே வருஷம் நவம்பரில் சிபி ரேடியோவை அரசாங்கம் அனுமதித்தது. உரிமச்சீட்டு வாங்கினால் யாரும் வைத்துக்கொள்ளலாம். கடைகளில் அடுக்கி வைத்து விற்றார்கள். சங்கம் மறுபடி, இம்முறை சொந்தப் பெயரிலேயே தொடங்கியது. பழைய ஆட்கள் இருவர் எனிட்டைச் செயலாளராக இருக்கச் சொல்லி வந்தார்கள்.

"நான் சேரல" என்றாள். "ஆனா அவசர சேனலை யாராவது கேட்டுட்டே இருக்கணும். பகல்ல நான் கேட்கறேன். ஒண்ணு மட்டும் விதியில எழுதிக்குங்க. முதல்ல போன், இடத்தோட. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

எழுதிக்கொண்டார்கள். அவள் அடுப்படி மேஜையில் ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் புதிதாக வாங்கிய டெலிபோன். காலை எட்டிலிருந்து நான்கு வரை, பதினோரு வருஷம். பெரும்பாலும் நின்றுபோன கார்கள், வழி தப்பிய ஆடுகள். ஒரு முறை பனியில் மாட்டிய பள்ளிப் பேருந்து, பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாக வந்தார்கள். யாராவது அரட்டைக்கு இழுத்தால் "வேற சேனலுக்குப் போங்க" என்பதோடு சரி.

தொண்ணூற்றுமூன்றில், மார்ச் மாதம், தூக்கத்தில் இறந்தாள். அடக்கத்துக்குச் சங்கத்திலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. வில்ஃபும் வந்தான். கல்லறைச் சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். மண் போட்டு முடிந்ததும், தேநீருக்குக் கூப்பிட்டவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, இறக்கத்தில் தனியாக நடந்து போனான்.