வீரணன் தொடாத கம்ப்யூட்டர்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஆனையூரில் ஒரு கிளினிக்கின் பிரிண்டருக்கு டிரைவர் போட்டுக்கொண்டிருந்தேன். வீரணனின் தம்பி போன் செய்தார். “அண்ணே, அண்ணன் போயிட்டாருண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, அம்புட்டுத்தான்.” நான் “சரி, வாரேன்” என்றேன். இருக்கிற டிரைவரை மாற்றவா, வேண்டாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. எதையும் அழுத்தாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மதுரை டவுனில் என் மாமுவின், அதாவது தாய்மாமனின், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நானும் வீரணனும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரே வயது. அவர் திருவாதவூர்க்காரர். தாய் தகப்பன் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். அந்த வீட்டிலிருந்து முதலில் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்தவர் அவர்தான். நேரில் இருவரும் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவரைத் தெரியாதவர்களுக்காக அவருடைய கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். சவுண்டு, வைஃபை, ஸ்கேனர் என்று ஒவ்வொன்றையும் விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். அது பொருந்தாவிட்டால் சாமான் நன்றாக இருந்தும் ஓடாது. டிவைஸ் மேனேஜர் என்கிற பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். நாங்களெல்லாம் மாடல் பெயரை நெட்டில் தேடி, முதலில் கண்ணில் படுகிற இடத்திலிருந்து இறக்கிவிடுவோம். அவர் ஹார்டுவேர் ஐடி என்கிற அந்த நீளமான எண்ணை எடுத்து, பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு தேடுவார். “ஒரே மாடலுக்குள்ள வேற வேற சிப்பு இருக்கும் மாப்ள. வெளிய ஒட்டுன ஸ்டிக்கர நம்பாத. உள்ள இருக்கவன்ட்ட பேரக் கேளு” என்பார்.

ஒரு துணிக்கடைக்காரரின் பழைய ஸ்கேனரைத் தூக்கிப் போடச் சொல்லி நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். வீரணன் மூன்று நாள் தயாரிப்பாளரின் தளத்தில் பழைய பக்கங்களைத் துழாவி, அதற்குரிய டிரைவரைக் கண்டுபிடித்தார். அது இன்றும் ஓடுகிறது. எனக்குத்தான் ஒரு வாரம் முகத்தில் ஈயாடவில்லை.

அப்டேட் விஷயத்தில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. “ஓடுறதத் தொடாத. தொட்டே ஆகணும்னா, திரும்பி வர வழி வச்சுக்கிட்டுத் தொடு.” எதை மாற்றும் முன்பும், இருக்கிற டிரைவர்களையெல்லாம் ‘வீரணன் பழசு’ என்ற ஃபோல்டரில் எடுத்து வைத்துவிடுவார். அவர் கைபட்ட கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் அது இருக்கும். இறந்த பிறகும் அந்தக் கம்ப்யூட்டர்கள் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. திறந்தவுடன் அவர் பெயர். நேற்று ஒன்றை அப்படியே மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

வீரணன் எங்கள் கடையில் இருந்தபோது, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் தம் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். மதுரையைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து எழுதியதெல்லாம் அதில்தான் இருந்தது. திரை மினுக்குகிறது என்பதுதான் குறை. வீரணன் வெளிவேலையாகப் போயிருந்தார். நான் எல்லா டிரைவரையும் ஒரே அமுக்கில் புதுப்பிக்கிற இலவசப் புரோகிராம் ஒன்றை ஓட்டினேன். ஹார்டு டிஸ்க்குக்குப் பொருந்தாத டிரைவர் ஏறி, கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நின்றுவிட்டது. திரும்பி வர வழி வைத்திருக்கவில்லை. பதறிப்போய், டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். அவ்வளவும் போயிற்று.

வீரணன் வந்ததும் அவரிடம் மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்று என்னென்னவோ வழி சொன்னார், நான் செய்து பார்த்தும் ஒன்றும் மீளவில்லை. மாலையில் அந்தப் பெண் வந்தார். அழவில்லை. “யாருங்க இதைத் தொட்டது?” என்று கேட்டார். மாமு எங்கள் இருவரையும் பார்த்தார். வீரணன் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தாங்க” என்றார் வீரணன்.

அன்றே மாமு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவர் ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்தார். அப்புறமும் நாங்கள் பழகினோம், டீ குடித்தோம். ஒரே ஒரு முறை, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “நீ சொல்லுவன்னு பாத்தேன். அந்தப் புள்ள நின்னுக்கிட்டே இருந்துச்சு. யாராச்சும் சொல்லணும்ல” என்றார். கோபமே இல்லாத குரல். அந்தக் குரல்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை. எந்த டிரைவரை மாற்றப் போனாலும் பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

திருவாதவூருக்குப் போனேன். பந்தலில் கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“அண்ணே, அந்த நாகமலைப் புள்ளைக்குச் சேதி சொல்லணும்ணே. அவுக படிப்பக் கெடுத்துட்டேன்னு, ஞாயித்துக்கெழம ஆனா கயிறத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் அளந்து அனுப்பிக்கிட்டு இருந்தாரு. இவர மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த வாங்கிக் குடுங்கண்ணே. அப்பத்தான் அவரு கட்டை வேகும்.”

அவர் கிணறு கிணறாக அலைந்ததை எனக்குச் சொன்னதே இல்லை. அவர் மனைவிக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

“தங்கச்சி, அதை அழிச்சது நான்” என்றேன். கொட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “என்னண்ணே?” என்றார். கத்தினேன். “அவன் அந்தக் கம்ப்யூட்டரத் தொடவே இல்ல தங்கச்சி! அழிச்சது நான்!” என் குரலைக் கேட்டுக் கொட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்க என்னைப் பார்த்தது.

அவர் என்னை ஏசியிருந்தால்கூடத் தேவலை. திரும்பிப் போய்க் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். “கவனமில்லாத மனுசன்னு எம்புட்டு நாளு ஏசியிருப்பேன். ஒருவாட்டி இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல. எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல” என்று காதருகே குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். தூக்க வந்தவர்கள் அவர் எழுந்திருக்கும்வரை காத்து நின்றார்கள்.

வீரணன் அவர்களே, இந்தக் கட்டுரையின் முதல் பிரதி நாகமலை புதுக்கோட்டைக்குப் போகிறது. உங்களுக்காக மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. எனக்காகக் கேட்க வாய் வரவில்லை. யார் தொட்டது என்று அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதியிருக்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.