பெட்டிக்குள் பல்லி

“கம்ப்யூட்டரக் கெடுத்தவ பொண்ணு கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் படிக்கப் போறாளாம். நல்லா இருக்குடி கதை!”

பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் எதிர்வீட்டு மேரி அக்கா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னது இது. குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மேரி அக்கா கெட்டவள் இல்லை. அவள் சொன்ன வார்த்தையை நான் மறந்தும்போயிருந்தேன். போன வாரம் ஒரு சத்தம் அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது.

எங்கள் ஆபீஸில் மேசைக் கம்ப்யூட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு ஆளுக்கொரு லேப்டாப் கொடுக்கிறார்கள். ஹார்டுவேர் விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நான்தான். (எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது, நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) பழைய பெட்டிகளைக் காயலான் வண்டியில் ஏற்றும் முன் ஒவ்வொன்றிலும் இருப்பதை அழிக்க வேண்டும். அப்படி ஒன்றைப் போட்டதும் உள்ளேயிருந்து வந்தது: டிக்... டிக்... டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக்... டிக்.

“டிஸ்க் போச்சு மேடம்” என்றார் கூட வேலை செய்பவர். நான் விரல் முட்டியால் மேசையைத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அல்சூர் ஏரிப் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அம்மா கூட்டிப் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். வாங்கிக் கொடுத்தது மேரி அக்காதான். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாட்களில் அம்மாவோடு போவேன். ஆட்கள் வரும் முன்னாலேயே திறந்துவிடுவோம். பினாயில் வாசனை, ராத்திரி முழுக்க அணைக்காத மெஷின்களின் சூடான தூசி வாசனை. இன்றைக்கும் ஒரு பெட்டியைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

ஜன்னலோரம் ஒரு மேசைக்கு அடியில் பெரிய பெட்டி ஒன்று தனியாக இருந்தது. அதற்குப் பெயர் சர்வர். எல்லோருடைய கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது, அது நின்றால் ஆபீஸே நின்றுவிடும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அம்மா அதன் பக்கத்தில் போகும்போது குரலைக்கூடத் தாழ்த்திக்கொள்வாள், கோவிலில் பேசுகிற மாதிரி.

ஒருநாள் காலை அதற்குள் சத்தம் கேட்டது. டிக்... டிக். பல்லி சொன்னால் அம்மா தரையைத் தட்டி “கிருஷ்ணா, கிருஷ்ணா” என்பாள். அன்றைக்கும் தட்டினாள்.

“பாப்பா, உள்ள பல்லி பூந்துடுச்சு போல.”

“பல்லிதாம்மா” என்றேன், பெரிய படிப்பாளி மாதிரி. பின்னால் காற்றுப் போக ஓட்டைகள் இருந்தனவே, புகுந்திருக்காதா என்ன?

ஆடிட்டர் சார் வந்ததும் அம்மா சொன்னாள். “சார், அந்தப் பொட்டிக்குள்ள பல்லி இருக்குது சார். பாவம், செத்துப்போயிடும்.” அவர் சிரித்தார். அந்த வாரம் முழுக்க ஆபீஸே சிரித்தது. “என்னம்மா, பல்லி சவுக்கியமா?” என்று கேட்பார்களாம். அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டில் வந்து எங்களுக்கு நடித்துக் காட்டுவாள்.

பிறகு ஒருநாள், பல்லி எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க, பெட்டியின் பின்பக்கத் தூசியை ஈரத்துணியால் வெளியே மட்டும் துடைத்திருக்கிறாள். துணி அங்கேயே மேசைமேல் இருந்தது. அன்றைக்கு சர்வர் எழுந்திருக்கவில்லை.

யாரும் கத்தவில்லையாம். துணியைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள். “தண்ணி உள்ள போயிருக்கு. நாளையிலேர்ந்து வர வேணாம்மா” என்று சார் சொன்னாராம். அவ்வளவுதான். வேலை போனது பெரிய விஷயமில்லை. வேறு இரண்டு வீடுகள் கிடைத்தன. போனது அம்மாவின் கை. அதற்கப்புறம் சுவிட்ச் உள்ள எதையும் அவள் தொடவில்லை. மிக்ஸி போட என்னைக் கூப்பிடுவாள். டிவி முன்னால் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்காருவாள். “எங்கையி ராசியில்ல பாப்பா, நீ போடு.”

அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

ஆஸ்டின் டவுனில் மாடியில் ஒரு ஹார்டுவேர் வகுப்பு. நான் ஒருத்திதான் பொண்ணு. ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ சோதனையில் மாட்டி, “என்னம்மா இது, யாரைக் குத்தப் போறே?” என்று காவலர் கேட்க, தலை நிமிர்த்தி “நான் இன்ஜினியர்” என்று பொய் சொன்னேன். அப்போது ஒரு கீபோர்டைக்கூட ஒழுங்காகக் கழற்றத் தெரியாது.

அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? உள்ளே எதையும் எடுக்கும் முன், பெட்டியின் வெறும் இரும்பில் கையை வை. நம் உடம்பில் தேங்கியிருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும், பாகங்களுக்குச் சேதம் வராது. கை படக் கூடாது என்று அம்மாவை விலக்கி வைத்திருந்த அதே பெட்டியில், முதல் வேலையே கை வைப்பது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கணக்குப் போடுவது ப்ராசஸர். வேலை நடக்கும்போது காகிதங்களைப் பரப்பி வைக்கிற மேசை மாதிரி ரேம், கரண்ட் போனால் துடைத்தாற்போல் ஆகிவிடும். பீரோ மாதிரி ஹார்டு டிஸ்க், எல்லாம் அதில்தான் தங்கும். இவை எல்லாம் வந்து சேர்கிற பெரிய பலகை மதர்போர்டு. ஒரு ஆபீஸ் நம்பியிருக்கிற மெஷின் என்றால் குறைந்தது இரண்டு டிஸ்க் இருக்க வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். வேறு இடத்தில் ஒரு நகலும் வேண்டும்.

ஒருநாள் கெட்டுப்போன டிஸ்க் எப்படி இருக்கும் என்று ஒன்றை ஓடவிட்டார்கள். டிக்... டிக்... டிக்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “சார், வெளியே ஈரத்துணியால தொடச்சா இப்படி ஆகுமா?”

“அது மூடின டப்பாம்மா. உள்ளே தகட்டைப் படிக்கிற ஊசி தேஞ்சு, தானா போறது. ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே சத்தம் குடுக்கும். அப்பவே நகல் எடுத்துடணும்.”

அந்தச் செத்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த தூரத்தைப்போல நீளமான தூரம் நான் போனதில்லை. வீட்டில் மூடியைக் கழற்றி அம்மாவிடம் காட்டினேன். உள்ளே கண்ணாடி மாதிரி வட்டத்தகடு. அம்மா தன் முகத்தை அதில் பார்த்தாள்.

“அம்மா, பல்லி இல்ல, இந்த ஊசி. நீ தொடைக்கறதுக்கு முன்னாடியே அது செத்துக்கிட்டு இருந்துச்சு. நீதான் அவங்களுக்கு முதல்ல சொன்ன. அவங்கதான் கேக்கல.”

அவள் தகட்டை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

“அளகா இருக்குது பாப்பா” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “அம்மா மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற. தெரியும்டி எனக்கு.”

எத்தனையோ தடவை சொன்னேன். படம் போட்டுக்கூடச் சொன்னேன். படித்தவள் என்ற என் பெருமை எல்லாம் அந்த ஒரு ஆளிடம் செல்லவில்லை.

அம்மாவின் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில், விரலில் மாட்டியிருந்த கிளிப் நழுவி, தலைமாட்டில் இருந்த மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மா, போர்வைக்குள் இருந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்துக் காட்டி, “நான் எதையும் தொடலம்மா” என்றாள். அந்தப் பொண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. “பரவால்ல ஆன்ட்டி” என்று கிளிப்பை மாட்டிவிட்டுப் போனாள். நான் வெளியே போய் வராந்தாவில் நின்றேன்.

இப்போது அந்த ஆடிட்டர் ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு காபிக் கடை. மேரி அக்கா மகன் வீட்டோடு ஓசூர் போய்விட்டாள். புது லேப்டாப்களில் டிஸ்க்குக்குச் சுழல்கிற தகடும் இல்லை, ஊசியும் இல்லை. போகிற அன்றைக்குச் சத்தமே போடாமல் போய்விடும். இனி எந்த ஆபீஸிலும் யாரும் பல்லி என்று நினைக்கப்போவதில்லை.

காயலான் வண்டி வந்தபோது ஒரு பெட்டியை மட்டும் எழுதிக் கேட்டு நிறுத்திக்கொண்டேன். நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, துப்புரவு வேலை செய்யும் பெண்களைப் பேன்ட்ரிக்குக் கூப்பிட்டு, டீ மேசைமேல் அதை வைத்தேன். அவர்களில் சுசீலம்மா துணியும் கையுமாகச் சுவரோரம் நின்றாள்.

“முட்டபேடி அந்தித்தாரெ மேடம். தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தொட்டா வேலை போயிடும்.”

“நான் சொல்றேன், தொடுங்கம்மா. இதுல முதல் வேலையே அதுதான்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். சுசீலம்மா கையைப் புடவையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, மெதுவாக வந்து, இரும்பில் உள்ளங்கையை வைத்தாள்.

நான் ஸ்க்ரூ டிரைவரை அவளுடைய இன்னொரு கையில் கொடுத்தேன்.