உள்ளும் வெளியும்

எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தோம். இனிஷியலும் ஒன்றுதான். பெயர் கூப்பிடும்போது வாத்தியார், போர்டிங்கில் தங்கியிருந்தவனுக்கு ‘உள்ளு’ என்றும், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன எனக்கு ‘வெளி’ என்றும் சேர்த்துக் கூப்பிடுவார். கொஞ்ச நாளில் பெயர் உதிர்ந்து வால் மட்டும் நின்றது. சாயங்கால மணி அடித்ததும் வந்துபோகிற எங்களை வெளியே விட்டு கேட்டைச் சாத்துவார்கள். உள்ளே ஜெபம், கால்பந்து, சுண்டல். சுண்டல் வாசனை மட்டும் கேட்டைத் தாண்டி வரும்.

போன மாதம் அந்தப் பள்ளியிலிருந்து போன். தலைமையாசிரியரான ஃபாதரே பேசினார். ஆண்டு விழாவுக்கு நான்தான் சிறப்பு விருந்தினராம். “நம்ம ஸ்கூலுக்கே பெருமைங்க நீங்க.” நகைச்சுவைப் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவனை ஒருவர் பெருமை என்கிறார். காரணம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மனைவிக்குத் தோன்றியது.

“உங்க புக்க படிச்சிருக்காராமா?”

“படிக்காமயா கூப்புடுவாரு?”

“படிச்சிட்டுமா கூப்புடறாருன்னு கேட்டேன்.”

ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். ‘வெளி உள்ளே வந்துவிட்டான்’ என்று அந்த மேடையில் ஒரு வரி சொல்லவேண்டும். உண்மையில் அந்த ஒரு வரிக்காகத்தான் மனைவியோடு விருத்தாசலத்துக்கு ரயில் ஏறினேன்.

ஃபாதர் எங்களைத் தன் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். “வாஷ் பேசினெல்லாம் எப்பங்க வரும்? மெஸ்ஸுல கை கழுவ எடமில்லாம புள்ளைங்க கஷ்டப்படுதுங்க.”

“எந்த பேசின்?”

“உங்க செராமிக் யூனிட்ல செய்யறதுதாங்க.”

நான் புத்தகம் எழுதுகிறவன் என்றேன். அதில் யாரும் கை கழுவ முடியாது. பதிப்பாளர்கள் என்னைக் கை கழுவியதோடு சரி.

ஃபாதர் தன் டீயைக் கீழே வைத்தார். பழைய மாணவர் குரூப்பில் பெயரைப் பார்த்து நம்பர் எடுத்திருக்கிறார்கள். “நீங்க போர்டிங்கா, டேஸ்காலரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வெளி” என்றேன். கைகூட, வகுப்பில் தூக்குவதுபோல, பாதி எழுந்துவிட்டது.

உள்ளுவுக்குப் போன் போயிற்று. வேலையில் இருந்த சட்டையோடு, யூனிட்டிலிருந்து காரில் வந்து இறங்கினான். என் முதுகில் ஒன்று வைத்தான். “டேய் வெளி, என் பேர சொல்லி உள்ள பூந்துட்டியா?” எல்லாரும் சிரித்தார்கள். அவன் நல்லவன். மேடையில் தனக்குப் பக்கத்தில் எனக்கும் நாற்காலி போடச் சொன்னான். போட்டிருந்த நாற்காலிகளில் பெயர் ஒட்டியாகிவிட்டது என்றார் ஃபாதர்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. முன் வரிசையில உக்காருங்க, நல்லாத் தெரியும்.”

நன்றாகத்தான் தெரிந்தது. மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். இனிஷியல் பிசகவில்லை. அவ்வளவு மரியாதையாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் எழுந்து கும்பிட்டான், பொன்னாடை போர்த்தினார்கள்.

“தட்டுங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் மனைவி.

தட்டினேன்.